சூரியனின் அடிவயிற்று அதிர்வைத் தேடுவது எப்படி: மடிக்கணினியோடு ஜி-மோடு வேட்டைக்குக் கிளம்புபவர்களுக்கு

சூரியன் அதிர்கிறது என்பது பழைய சேதி. 1960களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் மவுன்ட் வில்சனில் லெய்டன், நாய்ஸ், சைமன் மூவரும் சூரியப் பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி இறங்குவதைப் பிடித்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட ஒலி அலைகள்தான் அதற்குக் காரணம் என்பது 1970களில் உறுதியானது. அதற்குப் பெயர் பி-மோடு. இன்று ஆயிரக்கணக்கான பி-மோடுகளை அளந்து வைத்திருக்கிறார்கள், தரவை இறக்கினால் நீங்களும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இங்கே நாம் தேடப்போவது அதன் தம்பியை. இருக்கிறான் என்று கோட்பாடு சத்தியம் செய்கிறது, ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்று வரை யாரும் அவனைப் பிடித்துக் காட்டவில்லை. அவன்தான் ஜி-மோடு.

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், "எங்களுக்குப் பைத்தான் தெரியும், வானியலில் உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என் பதில் எப்போதும் இதுதான்: தரவு இலவசம், கணக்கு மடிக்கணினியில் முடியும், போட்டிக்கு ஆளும் குறைவு. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வேட்டையில் முகடு (அதிர்வெண் வரைபடத்தில் ஓரிடத்தில் மேலே எழும் கூர்) கிடைப்பது கஷ்டமே இல்லை, கூடை கூடையாகக் கிடைக்கும். கிடைத்த முகட்டை நீங்களே அடித்துக் கொல்ல முயல்வதுதான் வேலையில் முக்கால்வாசி. கீழே உள்ள படிகளில் பாதி அதற்காகத்தான்.

தேடப்போவது என்ன?

பி-மோடை மீட்டு இழுப்பது அழுத்தம், ஜி-மோடை மீட்டு இழுப்பது மிதப்பு விசை. சூரியனின் உட்பகுதியான கதிர்வீச்சு மண்டலத்தில் ஒரு வாயுத் துண்டை லேசாக மேலே தள்ளினால் அது சுற்றியுள்ள வாயுவைவிடக் கனமாகி மறுபடி கீழே இறங்கும், இறங்கிய வேகத்தில் பழைய இடத்தைத் தாண்டிப் போகும், அப்புறம் மேலே வரும். இந்த ஆட்டம்தான் ஜி-மோடு. அதற்கு மேலே உள்ள வெப்பச்சலன மண்டலத்தில் கதை வேறு. அங்கே மேலே தள்ளிய வாயு மேலேயே போய்க்கொண்டிருக்கும், திரும்ப இழுக்க ஆள் கிடையாது. ஆகவே உள்ளே பிறந்த ஜி-மோடு அந்த மண்டலத்துக்குள் நுழைந்ததும் தேயத் தொடங்குகிறது. மண்டலத்தின் அடித்தளம் சூரிய ஆரத்தில் 71.3 சதவீதத்தில் இருக்கிறது (இந்த எண்ணை 1997இல் துல்லியமாகச் சொன்னவர்கள் சர்பானி பாசுவும் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (டி.ஐ.எஃப்.ஆர்.) எச்.எம். அந்தியாவும், நம் ஊர்க் கணக்கு என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை). அதாவது கிட்டத்தட்ட 2 லட்சம் கிலோமீட்டர் தடிமனைக் கடந்துதான் அலை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கும்போது அதன் வேகம் என்னவாக இருக்கும்? தாராளமான கணிப்புகள் விநாடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் என்கின்றன, கறாரானவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்கின்றன. பி-மோடில் பலசாலிகள் விநாடிக்கு 15, 20 சென்டிமீட்டர் வரை ஆடுபவர்கள். மேற்பரப்பில் கொதித்துக் குமிழியிடும் வாயுவோ விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் கணக்கில் ஏறி இறங்குகிறது. பெங்களூரின் நெரிசல் மிகுந்த சில்க் போர்டு சிக்னல் நடுவில் நின்றுகொண்டு மணிக்கட்டில் இருக்கும் வாட்சின் டிக் டிக்கைக் கேட்க முயல்வது போலத்தான்.

இவ்வளவு பாடு எதற்கு? பி-மோடு சூரியனின் மையத்தை அதிவேகமாகக் கடந்துவிடுகிறது. அங்கே ஒலியின் வேகம் விநாடிக்கு 500 கிலோமீட்டர், ஆகவே மையத்தில் அது செலவிடும் நேரம் சொற்பம், மையத்தைப் பற்றி அது கொண்டுவரும் தகவலும் சொற்பம். கதிர்வீச்சு மண்டலத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ 27 நாளுக்கு ஒரு முறை சுற்றுகிறது என்று பி-மோடு சொல்லிவிட்டது, ஆனால் ஆரத்தில் உள் ஐந்தில் ஒரு பங்கு எப்படிச் சுற்றுகிறது என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஜி-மோடு குடியிருப்பதே அந்தப் பகுதியில்தான். சுவாரசியம் என்னவென்றால், கோடிக்கணக்கான கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செம்பெரு விண்மீன்களில், உள்ளே ஜி-மோடும் வெளியே பி-மோடுமாக நடந்துகொள்ளும் கலப்பு அதிர்வுகளைக் கெப்ளர் தொலைநோக்கி 2011இலேயே பிடித்துவிட்டது. அவற்றின் மையம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று சொல்ல முடிகிறது. வாசலில் நிற்கும் சூரியனுக்குச் சொல்ல முடியவில்லை.

முதல் வேலை: தரவைத் தேர்ந்தெடுப்பது

எங்கள் அடுக்குமாடியில் எச்.ஏ.எல்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சேலத்துக்காரர் ஒருவர், "ஏன் தம்பி, மொட்டை மாடியில் நாமே ஒரு டெலஸ்கோப் வைத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்டார். "சார், மழையே இல்லாவிட்டாலும் முடியாது" என்றேன். காரணம் இது. ஓர் ஊரிலிருந்து பார்த்தால் தினமும் இரவு வரும், தரவு நாளுக்கொரு முறை அறுபடும். ஒரு நாள் என்பது அதிர்வெண்ணில் 11.57 மைக்ரோ ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று காட்டும் வரைபடத்தில்) ஒவ்வொரு நிஜ முகட்டுக்கும் இரண்டு பக்கமும் 11.57 தள்ளித் தள்ளிப் பொய் முகடுகள் முளைக்கும். அதோடு பூமியின் வளிமண்டலம் பகலில் ஏறி இறங்கும் விதமும் இதே எண்ணின் மடங்குகளில் விழும். ஜி-மோடு இருக்க வேண்டிய இடமும் அதேதான், சுமார் 50 முதல் 400 மைக்ரோ ஹெர்ட்ஸ்.

அதனால்தான் ஃபிரெஞ்சுக்காரர்களும் அமெரிக்கர்களும் 1979-80இல் தென்துருவத்துக்கே போய், இரவே வராத கோடையில் தொடர்ந்து ஐந்து நாள் பார்த்தார்கள். அப்புறம் உலகைச் சுற்றிலும் நிலையங்கள் வந்தன. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் பைசன் வலையமைப்பில் ஆறு நிலையங்கள், காங் வலையமைப்பில் ஆறு. காங்கின் ஒரு நிலையம் உதய்ப்பூரில் இருக்கிறது. விண்வெளியில் 1995 டிசம்பர் 2 அன்று கிளம்பிய சோஹோ விண்கலம், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவரும் எல்1 புள்ளியில் இரவே இல்லாமல் சூரியனைப் பார்க்கிறது. அதில் உள்ள கோல்ஃப் என்ற கருவிதான் நம் கதாநாயகன். சூரிய ஒளியில் சோடியம் பதிக்கும் மஞ்சள் கோடுகள் நகர்வதை வைத்து, சூரியன் முழுவதையும் ஒரே புள்ளியாகக் கருதி, அதன் வேகத்தை அளக்கிறது.

நாசாவின் எஸ்.டி.ஓ. செயற்கைக்கோளில் உள்ள எச்.எம்.ஐ. கருவியின் தரவு புதியது, 45 விநாடிக்கு ஒரு படம், ஆசையாகத்தான் இருக்கும். இந்த வேலைக்கு வேண்டாம். அந்தச் செயற்கைக்கோள் பூமியை நாளுக்கொரு முறை சுற்றுவதால், சூரியனை நோக்கிய அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் மேலும் கீழும் போய்வருகிறது, 24 மணி, 12 மணி என்று தரவெங்கும் அதன் தடம். மில்லிமீட்டர் தேடுபவருக்கு அது கொடுமை. ஆதித்யா-எல்1 இருக்கிறதே என்பீர்கள். எல்1இல்தான் இருக்கிறது, அதன் வெல்க் கருவியைச் செய்ததும் கோரமங்களாவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். ஆனால் அதன் ஏழு கருவிகளில் எதுவும் சூரியப் பரப்பின் டாப்ளர் வேகத்தை இப்படி இடைவிடாமல் அளக்க வந்தது இல்லை.

சரி, கோல்ஃபின் அளவீடு செய்த வேகத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பைசன் தொடர். இரண்டும் பொதுவெளியில் கிடைக்கின்றன. நிமிடத்துக்கு ஓர் எண் என்றால் ஓர் ஆண்டுக்கு 5,25,600 எண், பத்தாண்டுக்குச் சுமார் 42 எம்.பி. ஒரு சினிமாப் பாட்டு வீடியோ அளவுகூட இல்லை. பைத்தானில் ஆஸ்ட்ரோபை, நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் நான்கும் போதும்.

இரண்டாவது: கழுவித் துடைப்பது

முதலில் தொடர் முழுவதையும் வரைந்து பாருங்கள், அவசரப்பட்டு ஃபூரியே (தரவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போடாதீர்கள். 1998 ஜூனில் ஒரு பெரிய ஓட்டை தெரியும், சோஹோவோடு தொடர்பே அறுந்து சில மாதம் கழித்து மீட்ட கதை அது. ஆண்டின் இறுதியில் இன்னொன்று. இவை தெரியாமல் யாரும் இருக்க முடியாது. நுட்பமான விஷயம் வேறு இருக்கிறது. கோல்ஃபின் ஒரு நகரும் பாகம் ஆரம்பத்திலேயே கோளாறானதால், சோடியக் கோட்டின் இரண்டு சரிவையும் மாறி மாறிப் பார்ப்பதற்குப் பதில் ஒரே சரிவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 1998 வரை நீலச் சரிவு, அதன்பின் 2002 வரை சிவப்பு, மறுபடி நீலம். இரண்டு சரிவும் சூரியனின் சற்றே வேறு உயரங்களைப் பார்ப்பதால் இரைச்சலின் அளவும் மாறும். ஆகவே மூன்று துண்டையும் தனித்தனியாகச் சராசரி நீக்கி, தனித்தனியாக இரைச்சல் அளந்து, அப்புறம் சேருங்கள்.

விண்கலத்தின் சொந்த வேகம் பெரும்பாலும் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், எந்தப் பதிப்பில் என்ன கழித்திருக்கிறார்கள் என்று கூட வரும் விளக்கக் கோப்பைக் கட்டாயம் படியுங்கள். மீதி மெதுவான ஏற்ற இறக்கத்தை நீக்க ஒரு நாள் அகல ஓடும் சராசரியைக் கழித்தால் போதும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: படம் அழகாக வர வேண்டும் என்று இரண்டு மணி நேரச் சராசரியைக் கழித்தால், நீங்கள் தேடி வந்ததையே குப்பையில் போட்டுவிடுவீர்கள். 100 மைக்ரோ ஹெர்ட்ஸ் ஜி-மோடின் அலைவுக் காலம் 2 மணி 47 நிமிடம்.

திடீரென்று துள்ளும் புள்ளிகளைச் சராசரியை வைத்து அல்ல, இடைநிலை அளவை (மீடியன்) வைத்து வடிகட்டுங்கள். ஓட்டைகளில் சுழியம் போடுங்கள். பெரிய ஓட்டைகளை வளைகோடு போட்டு நிரப்பாதீர்கள், இல்லாத சிக்னலை உங்கள் கையாலேயே விதைக்கிற வேலை அது.

மூன்றாவது: தெரிந்ததை முதலில் கண்டுபிடியுங்கள்

பவர் ஸ்பெக்ட்ரம் போடுங்கள். 3 மில்லி ஹெர்ட்ஸ் பக்கம் பி-மோடுகள் ஒரு குன்று போல எழுந்து நிற்க வேண்டும், அந்தக் குன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சீப்புப் பற்கள் போல முகடுகள், ஒரே வகை முகடு 135 மைக்ரோ ஹெர்ட்ஸுக்கு ஒரு முறை திரும்ப வர வேண்டும். வரவில்லையா? நேர முத்திரையிலோ ஓட்டையிலோ எங்கோ பிசகு இருக்கிறது, மேலே போகாதீர்கள். 20 சென்டிமீட்டர்காரன் கண்ணில் படாத ஸ்பெக்ட்ரத்தில் 3 மில்லிமீட்டர்காரனைத் தேடுவது வீண்.

பி-மோடுகள் அதிர்வெண்ணில் சம இடைவெளி. ஜி-மோடுகள் அலைவுக் காலத்தில் சம இடைவெளி. இதை மனத்தில் வையுங்கள், ஐந்தாவது படியில் வேண்டும்.

நான்காவது: எந்த உயரத்துக்கு மேல் நம்புவது

எனக்குக் கேட்டால் கட்டுரையில் இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள்.

400 மைக்ரோ ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஸ்பெக்ட்ரம் வெறும் புல்வெளி மாதிரி தெரியும், இடதுபக்கம் போகப் போக உயரும். அது வெப்பச்சலனத்தின் இரைச்சல். அதற்கு வழவழப்பான ஒரு கோட்டைப் பொருத்தி (ஹார்வி 1985இல் முன்வைத்த வடிவம் இன்றும் ஓடுகிறது), ஸ்பெக்ட்ரத்தை அந்தக் கோட்டால் வகுத்துவிடுங்கள். இப்போது இரைச்சலின் சராசரி எங்கும் 1.

வெறும் இரைச்சலில் ஒரு பின் (bin, ஸ்பெக்ட்ரத்தின் ஒரு சின்னத் துண்டு), சராசரியைப் போல எஸ் மடங்குக்கு மேல் போக வாய்ப்பு, இ (2.718) என்ற எண்ணின் மைனஸ் எஸ் அடுக்கு. பத்து மடங்குக்கு மேல் போக வாய்ப்பு ஒரு லட்சத்தில் நாலரை. "ஆஹா, பத்து மடங்கு முகடு கிடைத்தால் கதை முடிந்தது" என்று தோன்றும். பொறுங்கள். பத்தாண்டுத் தரவில் ஒரு பின்னின் அகலம் 3.17 நானோ ஹெர்ட்ஸ். 100 முதல் 400 வரை தேடினால் சுமார் 95,000 பின்கள். லட்சத்தில் நாலரை என்பதை 95,000 ஆல் பெருக்குங்கள், 4.3 வருகிறது. அதாவது சூரியனில் ஜி-மோடே இல்லாவிட்டாலும் பத்து மடங்கு முகடு நான்கைந்து உங்களுக்குக் கிடைத்தே தீரும், பார்க்க லட்சணமாகவும் இருக்கும். எல்லா பின்களையும் சேர்த்துப் பொய் முகடு ஒன்றாவது வரும் வாய்ப்பைப் பத்து சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமென்றால், முகட்டை நம்பத் தொடங்கும் வாசல் 13.8 மடங்கு. ஒரு சதவீதத்துக்குள் என்றால் 16 மடங்கு.

இந்த எண்ணை ஸ்பெக்ட்ரத்தைப் பார்ப்பதற்கு முன் எழுதி, தேதி போட்டு, யாருக்காவது மெயிலில் அனுப்பிவிடுங்கள். 13 மடங்கு முகடு ஒன்றைப் பார்த்த பிறகு 12.5ஐ வாசலாக வைக்க நியாயம் கண்டுபிடிப்பதில் மனித மூளைக்கு நிகரே இல்லை.

ஐந்தாவது: கூட்டமாகத் தேடுவது

தனி முகடு வாசலைத் தாண்டாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், முப்பது ஆண்டாகத் தாண்டவில்லை. அதனால் வடிவங்களைத் தேடுகிறார்கள். ஒன்று, சுழற்சியால் பிளந்த முகடுகள். ஒரே மோடு இரண்டு மூன்று முகடாகப் பிரியும், அந்த இடைவெளியிலிருந்துதான் மையத்தின் சுழற்சி கிடைக்கும். இரட்டை முகடு தேடினால் வாசல் கொஞ்சம் இறங்கும், ஆனால் எத்தனை இடைவெளிகளைச் சோதித்தீர்களோ அதையும் வாய்ப்புக் கணக்கில் சேர்க்க வேண்டும், பலரும் கோட்டைவிடும் இடம் இது.

இன்னொன்று சம இடைவெளி. எளிய வகையான இருமுனை ஜி-மோடுகள் அலைவுக் காலத்தில் சுமார் 24 நிமிட இடைவெளியில் வரிசையாக நிற்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தை அதிர்வெண்ணிலிருந்து அலைவுக் காலத்துக்கு மாற்றி, அதன்மேல் இன்னொரு ஃபூரியே போட்டால், தனித்தனியே தெரியாத முகடுகள் எல்லாம் சேர்ந்து 24 நிமிடத்தில் ஒரு மேடாகத் தெரியலாம். ரஃபயேல் கார்சியா குழு 2007இல் கோல்ஃப் தரவின் 25 முதல் 140 மைக்ரோ ஹெர்ட்ஸ் பகுதியில் இப்படித்தான் செய்தது. மேடு கிடைத்தது, மையம் மற்ற இடங்களைவிட வேகமாகச் சுற்றுகிறது என்றும் சொன்னார்கள். தனித்தனி மோடுகள் மட்டும் பிடிபடவில்லை. பழகிப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

ஆறாவது: கொலை முயற்சி

ஏதாவது கிடைத்துவிட்டதா? சந்தோஷம். இனி அதை ஒழித்துக்கட்டப் பாருங்கள்.

முதல் கேள்வி: அதிர்வெண் 11.57இன் மடங்கா? 1976இல் கிரிமியாவில் செவெர்னி குழுவும் பர்மிங்காம் குழுவும் ஒரே சமயத்தில் நேச்சர் இதழில் 160 நிமிட அதிர்வு என்று அறிவித்தார்கள். பல ஆண்டுகள் உலகமே அதன் பின்னால் ஓடியது. 160ஐ ஒன்பதால் பெருக்குங்கள்: 1,440, ஒரு நாளின் நிமிடங்கள். கொஞ்சம் நகர்ந்த அலைவுக் காலம், வெவ்வேறு ஊர்களில் ஒத்துப்போகும் அலைக் கட்டம் (ஃபேஸ்) என்றெல்லாம் ஆதரவாளர்களும் வலுவான வாதங்களை வைத்தார்கள், அவர்கள் ஏமாளிகள் இல்லை. ஆனால் நீண்ட, தொடர்ச்சியான தரவு வந்தபோது அது நிற்கவில்லை.

அடுத்து, தொடக்க நேரத்தை நகர்த்துங்கள். 2017இல் எரிக் ஃபோஸா குழு புத்திசாலித்தனமான ஒரு வழியில் போனது. ஜி-மோடை நேரடியாகத் தேடாமல், பி-மோடு சூரியனைக் குறுக்கே போய்த் திரும்ப எடுக்கும் 4 மணி 7 நிமிடத்தை, பதினாறரை ஆண்டுத் தரவில் நான்கு மணிக்கு ஒரு முறை அளந்து, அந்த எண் எப்படி ஊசலாடுகிறது என்று பார்த்தார்கள். ஜி-மோடு மையத்தைக் குலுக்கினால் இந்த நேரமும் குலுங்க வேண்டும் அல்லவா? மையம் வாரத்துக்கு ஒரு சுற்று, சுற்றியுள்ள பகுதியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம் என்ற விடை வந்தது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமே அறிவித்தது. மறு ஆண்டு ஷுங்கர் குழு அதே தரவை, அதே முறையை எடுத்து, தொடரின் தொடக்கத்தைச் சில மணி நேரம் மட்டும் தள்ளிப் பார்த்தது. சிக்னல் காணாமல் போனது. உங்கள் நிரலில் இந்தச் சோதனையை ஒரு லூப்பாகவே போட்டு வையுங்கள்: தொடக்கத்தை ஒரு மணி நேரமாக நகர்த்தி நகர்த்தி, முகட்டின் உயரத்தை வரைபடமாக வரையுங்கள். சூரியனுக்கு நீங்கள் எப்போது தரவு எடுக்க ஆரம்பித்தீர்கள் என்று தெரியாது.

தரவை இரண்டாக வெட்டி, இரண்டு பாதியிலும் பாருங்கள். ஜி-மோடு மிக நீண்ட காலம் தணியாமல் ஆடக்கூடியது என்பதால் இரண்டு பாதியிலும் அதே இடத்தில் இருக்க வேண்டும். அதே தேதிகளின் பைசன் தொடரில் பாருங்கள், அது பொட்டாசியம் கோட்டைப் பார்க்கிறது, கருவிக் கோளாறுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நிரலைத் தொட்டுப் பார்க்காத ஒரு நண்பரிடம் சுத்தம் செய்த தொடரைக் கொடுத்து, தனக்குப் பிடித்த அதிர்வெண்களில் விநாடிக்கு 2 முதல் 20 மில்லிமீட்டர் வரை சில சைன் அலைகளைக் கலந்து திருப்பித் தரச் சொல்லுங்கள். எத்தனை என்று சொல்ல வேண்டாம், எதுவுமே கலக்காமலும் தரலாம் என்று ஒப்பந்தம். நீங்கள் தேடிச் சொன்ன பிறகு அவர் பட்டியலைத் திறப்பார். எந்த வீச்சுக்குக் கீழே உங்களால் பிடிக்க முடியவில்லையோ அதுதான் உங்கள் கருவியின் நிஜமான எல்லை. கிடைக்காததையும் அதை வைத்துத்தான் எண்ணாகச் சொல்ல வேண்டும்: "இந்தப் பட்டையில் இந்த வீச்சுக்கு மேல் ஜி-மோடு இல்லை" என்று.

கடைசியாக, எதை எதிர்பார்ப்பது

வெளியான ஆய்வுகளின் மேல் எல்லை விநாடிக்குச் சில மில்லிமீட்டரில் நிற்கிறது. உங்களுடையது பத்துப் பன்னிரண்டில் நின்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாள் போகப் போகத் தானாகக் குறையாதா என்றால், குறையும், ஆனால் காலத்தின் வர்க்கமூலத்தில்தான். எல்லையைப் பாதியாக்க நான்கு மடங்கு தரவு வேண்டும், பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. முப்பது ஆண்டுத் தரவை மூவாயிரம் ஆண்டுத் தரவாக்க யாராலும் முடியாது. ஆகவே இரைச்சலைக் குறைக்கும் தந்திரம்தான் வழி. வெவ்வேறு உயரத்தைப் பார்க்கும் கருவிகளில் குமிழி இரைச்சல் முழுக்க ஒத்துப்போகாது, ஜி-மோடு ஒத்துப்போகும். கோல்ஃபையும் பைசனையும், இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் தூக்கிக் காட்டும் குறுக்கு ஸ்பெக்ட்ரமாகப் போட்டுப் பார்ப்பது அடுத்த வார இறுதிக்கு நல்ல வேலை.

எல்லாச் சோதனையையும் தாண்டி ஒரு முகடு இன்னும் நிற்கிறது என்றால், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நிரல், தரவின் பதிப்பு, முன்கூட்டியே தேதி போட்டு அனுப்பிய வாசல் எண், தொடக்க நேரத்தை நகர்த்திய வரைபடம், நண்பர் கலந்த அலைகளின் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கட்டி, இந்தத் துறையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புங்கள். பெங்களூரிலும் மும்பையிலும் ஆள் இருக்கிறார்கள். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று தொடங்கும் மெயிலைவிட, "இதை என்னால் கொல்ல முடியவில்லை, நீங்கள் முயன்று பாருங்கள்" என்று தொடங்கும் மெயிலுக்குப் பதில் சீக்கிரம் வரும்.